எனக்கு ஒன்றும் வரவில்லையடி

தென்காசி,
ஆனி மாதம்

அன்புள்ள கல்யாணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தடவை எழுந்துவிட்டேன். ராத்திரியில் மூன்று முறை நைட்டி மாற்றுவதையும், பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே குப்பென்று அனல் ஏறிக் கழுத்தெல்லாம் வேர்த்துவிடுவதையும் எழுதிவிட்டு, கடைசியில் "உனக்கு எப்படி?" என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லையடி. மாதவிலக்கு நின்றது, அவ்வளவுதான்.

சமையலறைக் காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டு வைப்பேன், ஹாஸ்டல் காலத்துப் பழக்கம். 49 வயதில் இரண்டு மாதம் தள்ளிப் போனது, வந்தது, அப்புறம் நாலு மாதம் காணோம். ஒரு ஐப்பசியில் கடைசி வட்டம். அடுத்த வருஷக் கார்த்திகைக்கு அகல்விளக்குகளை வெளியே எடுத்தபோது அதே பெட்டியில் கிடந்த பழைய காலண்டரைப் புரட்டினேன். வருஷம் தாண்டியிருந்தது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்காம். அதனால் அது வந்துவிட்டது என்பது திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

சரி, இதில் வெட்கப்பட என்ன என்பாய். என் சின்ன ஓரகத்தி படும் பாடு அப்படியே உன்னுடையதுதான். அவளிடம் மாமியார், "பெரியவளைப் பாரு, அவளும் பொம்பளதானே, வாயைத் திறந்தாளா?" என்றார். அடுப்படியில் நின்று கேட்டேன். உண்மையைச் சொன்னால், முதல் தடவை கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு என்று நினைத்துக்கொண்டேன். அவளும் அதே களியைத்தானே சாப்பிட்டு வளர்ந்தாள்! இரண்டாம் தடவை கேட்டபோது, என் உடம்பை எடுத்து அவளை அடிக்கிறார்கள் என்று தோன்றியது. போய், "அத்தை, அது என் சாமர்த்தியம் இல்லை" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. போகட்டும்.

உன் அனலுக்குக் காரணத்தை டாக்டர் அழகாகச் சொன்னார். உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் ஹைபோதாலமஸ் மூளையில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது ஹைபோதாலமஸின் பொறுமையும் குறைந்துவிடுகிறது. இம்மி சூடு கூடினாலும் பதறிப்போய் ரத்தத்தைத் தோலுக்குத் தள்ளி, வேர்வையைத் திறந்துவிடுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு ஏதோ ஒரு அளவில் இது உண்டு, சிலருக்கு வராமலே போய்விடுகிறது. மனத்திடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒன்று படித்தேன். 1975-இல் மார்ஷா ஃபிளின்ட் என்ற அமெரிக்க மானுடவியலாளர், ராஜஸ்தானிலும் இமாச்சலப் பிரதேசத்திலும் சுமார் 480 ராஜபுத்திரப் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மாதவிலக்கு நின்றதைத் தவிர வேறு தொந்தரவு சொன்னவர்கள் மிகக் குறைவு. நின்ற பிறகு முக்காட்டை விட்டு வெளியே வரலாம், ஆண்கள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து பேசலாம். தண்டனைக்குப் பதில் பரிசு வந்த மாதிரி. எனக்கு உடனே அம்மா ஞாபகம். தூரமான நாளில் கொல்லைத் திண்ணையில் தனித் தட்டோடு உட்கார்ந்திருந்தவள், நின்ற பிறகு நினைத்த நாளில் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனாள். அவளும் ஒன்றும் முறையிட்டதில்லை. ஆனால் அவளை யார் கேட்டார்கள்? விறகடுப்பின் முன்னால் நின்றவளுக்கு எது அடுப்பு வேர்வை, எது இந்த வேர்வை என்று பிரித்துப் பார்க்க நேரம் ஏது? அந்த ராஜபுத்திரப் பெண்கள் சொன்னதையும் நான் முழுசாக நம்பவில்லை, முழுசாகத் தள்ளவும் இல்லை.

நான் சொன்ன 'ஒன்றும் இல்லை'யும் அப்படித்தான் ஆனது. டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறதா? வருகிறது, மாமியாருக்கு மாத்திரை கொடுத்துப் பழகியதால் என்று நினைத்திருந்தேன். காலையில் விரல் மடக்க வலிக்கிறதா? வலிக்கிறது, மாவாட்டியதால் என்று நினைத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

அப்புறம் எலும்புக்கு டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எலும்பின் அடர்த்தியைச் சொல்லும் டி-ஸ்கோர் முதுகெலும்பில் மைனஸ் 1.8. மைனஸ் 2.5-க்குப் போனால்தான் ஆஸ்டியோபோரோசிஸ் என்ற எலும்புப்புரை நோய், நான் நடுப்படியில் நிற்கிறேன். அனல் வராதவளுக்கும் எலும்பு கரையத்தான் செய்யுமாம், நின்ற முதல் சில வருஷங்களில்தான் வேகம் அதிகம். வேர்வையாவது உன்னை டாக்டரிடம் துரத்தியது. என்னை எதுவும் துரத்தவில்லை, ஓரகத்திக்குத் துணையாகப் போன இடத்தில்தான் இதெல்லாம் தெரிந்தது. இப்போது கேழ்வரகு, எள்ளுருண்டை, தினம் முக்கால் மணி நேர நடை. நீயும் அந்த ஸ்கேனை எடுத்துவிடு. இன்னொன்று, வருஷம் தாண்டிய பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் சும்மா இருக்காதே, உடனே காட்டு.

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. லீவு போட்டுவிட்டு வா. மாடி அறையில் ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டுக்கொள், ஃபேனையும் ஐந்தில் வை. எனக்கு மட்டும் இரண்டு போர்வை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மீனா