சும்மா சுத்த விடாதீங்க, தூங்க விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம டெல்டா காலேஜ் பசங்க வயல் ஈரம் பார்க்க, பம்புசெட்ட ஓட்டன்னு சின்ன லினக்ஸ் போர்டுல ப்ராஜெக்ட் பண்றது உங்க பேப்பர்ல வரும்போதெல்லாம் ரொம்ப சந்தோஷமா இருக்கு. ஆனா சென்சார இயக்குற டிரைவர் கோடுல ஒண்ணு மனச உறுத்துது. சென்சார் பதில் சொல்ல 50 மில்லிசெகண்ட் ஆகும்னா உடனே எம்டிலே (mdelay)ங்கற காத்திருக்க வைக்கிற கட்டளைய போட்டுடறாங்க, அது தண்ணி பாயுற வரைக்கும் மடைவாயிலயே நிக்கிற மாதிரி, ப்ராசஸர் அவ்வளவு நேரமும் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், பேட்டரில ஓடுற போர்டுன்னா சார்ஜும் வீண். அங்க எம்ஸ்லீப் (msleep)னு அந்த வேலைய தூங்க வைக்கிற கட்டளைய போட்டா போதும், ப்ராசஸர்ல வேற வேலை நடக்கும்.

அதுக்காக எல்லா இடத்துலயும் தூங்க வைக்கவும் கூடாதுங்க. ஹார்டுவேர் அவசரமா கூப்பிட்டதும் ஓடுற இன்டரப்ட் ஹேண்ட்லர் உள்ளயும், ஒரே டேட்டாவ ரெண்டு பேர் தொடாம பூட்டுற ஸ்பின்லாக் பிடிச்சிருக்கும்போதும் தூங்கவே கூடாது, சிஸ்டமே நின்னுடலாம். அங்க எம்டிலே மாதிரியே சுத்திக் காத்திருக்கிற யூடிலே (udelay) தான், அதுவும் ரொம்ப கொஞ்ச நேரத்துக்கு.

லினக்ஸோட மையப் பகுதியான கர்னலோட டாக்குமென்ட்ல ரொம்ப நாளா இருந்த கணக்கு இதுதான்: சுமார் 10 மைக்ரோசெகண்டுக்குள்ளன்னா யூடிலே, அதுலேர்ந்து 20 மில்லிசெகண்ட் வரைக்கும் இதுவும் தூங்க வைக்கிற யூஸ்லீப் ரேஞ்ச் (usleep_range), அதுக்கு மேல எம்ஸ்லீப். ஏன்னா எம்ஸ்லீப் டைமர் டிக்க, அதாவது கர்னலோட கடிகாரத் துடிப்ப, நம்பி ஓடுது, செகண்டுக்கு 100 டிக்னு செட் பண்ண கர்னல்ல 1 மில்லிசெகண்ட் கேட்டா 20 மில்லிசெகண்ட் கூட ஆயிடும். 2020ல வந்த 5.8 கர்னல்லேர்ந்து எஃப்ஸ்லீப் (fsleep)னு ஒண்ணு இருக்கு, நேரத்த பார்த்து அதுவே எது சரின்னு எடுத்துக்கும், ஆனா தூங்கலாமா கூடாதாங்கறத நாமதான் பார்க்கணும்.

லேப்ல வாத்தியாருங்க இத முதல் வாரத்துலயே சொல்லிக் குடுக்கணும்னு உங்க கல்விப் பக்கத்துல எழுதுங்க ஐயா.

இப்படிக்கு,
வாசகர், மன்னார்குடி