வசூல் பதிவேட்டில் இருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பேரன்புக்குரியோருக்கு வணக்கம்.

உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுநிலைப் படிப்பை இந்த 2025ஆம் ஆண்டில் முடித்துவிட்டேன். தேர்வு முடிவு வந்த அன்றே இதை எழுத உட்கார்ந்தேன். யாரிடமிருந்து தொடங்குவது என்று தெரியாமல் மூன்று வாரங்கள் போய்விட்டன. ஆய்வேட்டிலும் ஒரு நன்றியுரைப் பக்கம் உண்டு. வழிகாட்டி, துறைத்தலைவர், வனத்துறை அலுவலர்கள் என்று அதற்கொரு முறையான வரிசையும் உண்டு. அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பெரும்பாலோர் அதைப் படிக்கப்போவதில்லை என்பதால், கோத்தகிரி வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் பலர் கையில் போய்ச் சேரட்டும் என்று இந்த மடலைத் தமிழில் தனியே எழுதுகிறேன்.

2014இல் தமிழ்வழியில் விலங்கியல் பட்டம் பெற்ற கையோடு, ஒரு தனியார் நுண்கடன் நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். தோட்டத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுப்பதும், வாரந்தோறும் அவர்கள் வீட்டு வாசலுக்கே போய்த் தவணை வாங்குவதும்தான் வேலை. குழுக்கடனில் நிலமோ நகையோ அடமானம் கிடையாது. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டினால், பக்கத்து வீட்டுக்காரியின் முகத்துக்கு அஞ்சியே எல்லாரும் கட்டிவிடுவார்கள். காலை ஏழு மணிக்குக் கூட்டம் தொடங்கும். உறுதிமொழி சொல்ல வேண்டும். தொகை முழுவதும் சேரும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. கொழுந்தெடுக்கப் போகிறவர் நேரம் தவறினால் அரை நாள் கூலியை இழப்பார் என்பது எனக்குத் தெரியாததன்று. என் அம்மாவும் அதே வேலையைச் செய்தவர்தான்.

இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்படி வந்தவர்களுக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில், இப்போது எல்லாரும் டேன்டீ என்று சொல்கிறார்களே அதில், முதலில் அம்மாயியும் பிறகு அம்மாவும் கூடை சுமந்தார்கள். நான் படித்தது அந்தக் கூடையின் கூலியில். படித்து முடித்து நான் போய் நின்றதோ அதே போன்ற லைன் வீடுகளின், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளின், வாசலில், கையில் வசூல் பதிவேட்டோடு. ஒன்பது ஆண்டுகள் அப்படி நின்றேன். கடைசியில் மாதச் சம்பளம் 16,500 ரூபாய். வேலை பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. அந்த வேலையை நான் திறமையாகச் செய்தேன் என்பதும், அதற்காக ஒருமுறை பாராட்டுச் சான்றிதழ் வாங்கினேன் என்பதும் மீதிப் பாதி.

என்னை அந்த வேலையிலிருந்து கிளப்பிவிட்டவர் ஒரு குழுத்தலைவி. 2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் காலை. ஒருவருடைய தவணை குறைந்தது. எல்லாரும் கொழுந்தெடுக்கும்போது உடுத்தும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியபடியே வாசல் திண்ணையில் காத்திருந்தார்கள். எதிர்ச் சரிவில் தேயிலைச் செடிகளைத் தறித்துக் கவாத்து வெட்டிய பகுதியில் ஏழெட்டுக் காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. நான் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த அக்கா என்னை இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, அதுங்களையும் குழுவுல சேத்துத் தவணை கட்டச் சொல்லப் போறியா?" என்று கேட்டார். திண்ணையே சிரித்தது. கலையும்போது அவர் தனியாக என்னிடம் வந்து, ஒவ்வொரு வாரமும் நான் இப்படித்தான் பணத்தைப் பாதியும் மாட்டைப் பாதியுமாக எண்ணுகிறேன் என்றும், மாட்டை எண்ணுவதற்குச் சம்பளம் தருகிற வேலை எதுவும் உலகத்தில் இல்லையா என்றும் விசாரித்தார். இருக்கிறது என்றும், அதற்கு இன்னும் படிக்க வேண்டும் என்றும் சொன்னேன். "அப்ப படி" என்றார். தவணைக் குறைவை அன்று என் பையிலிருந்து போட்டேன். அவர் அடுத்த வாரம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்கா, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

கல்லூரியில் சேருவதற்கு அசல் சான்றிதழ்கள் வேண்டும். பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரையிலான என் சான்றிதழ்கள் அனைத்தையும் வேலையில் சேர்ந்த அன்றே நிறுவனம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு விலகினால்தான் அவை கைக்கு வரும். கல்லூரியில் கலந்தாய்வுக்கோ பத்தொன்பது நாட்களே இருந்தன. அப்போதைய கிளை மேலாளர் மென்மையானவர் என்று எவரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். அவர் ஒரு சனிக்கிழமை மாலை எல்லாரும் போன பிறகு அலமாரியைத் திறந்து உறையை என் மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் தேநீர் குடிக்கப் போய்விட்டார். என் கடைசி மாதக் கூட்டங்களைப் பங்கிட்டுப் பார்த்துக்கொண்ட சக பணியாளர்கள் இருவருக்கும் அது விடுமுறை இல்லாத மாதமாயிற்று. மூவரும் பெயர் வேண்டாம் என்பார்கள். நன்றியை மட்டும் ஏற்றுக்கொள்ளட்டும்.

அம்மா எடுத்த எடுப்பில் எதிர்த்தார். முப்பதை நெருங்கிய மகள் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மாட்டைப் பற்றிப் படிக்கப் போகிறாள் என்பதை அக்கம்பக்கத்தில் எப்படிச் சொல்வது என்பதுதான் அவருடைய முதல் கவலை, பணம் இரண்டாவது. இரண்டு வாரம் பேச்சில்லை. பிறகு ஒரு நாள், ஓய்வுபெற்றபோது வந்த பணிக்கொடை போட்டிருந்த வங்கிப் புத்தகத்தை என் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசியதில்லை. இதைப் படித்துக் காட்டும்போதும் பேசமாட்டோம் என்றே நினைக்கிறேன்.

கல்லூரி இருப்பது, கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா வளாகத்தில். 1955 முதல் அங்கே கல்லூரி நடக்கிறது. வகுப்பில் என்னைத் தவிர மற்ற அனைவரும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். முதல் வாரம் என்னை ஆசிரியை என்று நினைத்து இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். பாடம் ஆங்கிலத்தில். சந்தேகத்தைத் தமிழில் கேட்கலாம், விடையை ஆங்கிலத்தில் எழுதிப் பழகு என்று சொல்லி, என் தாள்களில் சிவப்பு மையால் வாக்கியங்களைப் பொறுமையாகத் திருத்திக் கொடுத்த பேராசிரியருக்கு நான் பட்டிருக்கும் கடமை பெரிது. ஒன்பது ஆண்டுகள் வட்டி கணக்கிட்ட எனக்குப் புள்ளியியல் எளிதாக இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கைவர்க்கச் சோதனையும் (chi-square) புள்ளியியல் கணக்குக்கான ஆர் (R) மென்பொருளும் என்னை அழவைத்தன. என்னைவிட எட்டு வயது இளைய ஒரு தங்கை, மதிய உணவு நேரத்தை முழுப் பருவத்துக்கும் எனக்காக ஒதுக்கி, "அக்கா, இதுல காற்புள்ளி விட்டுட்டீங்க" என்று சலிப்பில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் செய்த கைம்மாறு, அம்மா கட்டிக்கொடுத்த தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் மட்டுமே.

கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வழியாக உதகைக்குப் போகிற காலைப் பேருந்தில், உறைபனி விழும் சனவரி மாதத்திலும் என் தலை தெரியும்வரை ஓரிரு நிமிடம் நிறுத்தி வைத்த ஓட்டுநர் அண்ணனுக்கும் நடத்துநர் அண்ணனுக்கும் நன்றி. 2021இல் சமவெளியில் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் 2024இல் மலைப் பகுதிக்கும் வந்தபோது, என் செலவுக் குறிப்பேட்டில் ஒரு வரி அப்படியே மறைந்தது. அந்தப் பணம் ஒரு பழைய இருகண்ணோக்கி வாங்க உதவியது.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலை என்ற மலைக்காட்டைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமைகளின் நடமாட்டம். ஊர் வழக்கில் எருமை என்றாலும் அது எருமை இனம் அன்று, மாட்டினம். காட்டுமாடு என்றே எழுத வேண்டும் என்று வகுப்பில் சொல்வார்கள். இந்த மடலில் நம் பழக்கமே இருக்கட்டும். 116 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சோலை 2024 சனவரியில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் அங்கிருந்து வருகிறது. ஒரு காலத்தில் புல்வெளியாக இருந்த மலைச்சரிவுகள் தேயிலையாகவும் சீகை (வாட்டில்) மரக்காடாகவும் மாறிப்போனதால், காட்டெருமைகள் தேயிலை நிரைகளுக்கு இடையில் முளைக்கும் புல்லைத் தேடி வருகின்றன. தேயிலையை அவை விரும்பித் தின்பதில்லை. எந்தச் சரிவுக்கு, எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு வரும் என்பதைக் கருவி வைத்துக் கண்டுபிடிக்க எனக்குக் காசும் காலமும் இல்லை. அது முழுவதும் தெரிந்தவர்கள் கொழுந்தெடுக்கும் பெண்கள்.

ஆகவே பழைய வாசல்களுக்கே திரும்பிப் போனேன். நான் பேசியவர்கள் 31 பேர். அவர்களில் 19 பேர் முன்பு என் வசூல் பதிவேட்டில் இருந்தவர்கள். என்னைக் கண்டதும் கதவைச் சாத்த அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. முதல் வீட்டில் நான் குறிப்பேட்டை வெளியில் எடுத்தபோது அந்தப் பெரியம்மாவின் கை தன்னையறியாமல் சுருக்குப்பைக்குப் போனதைப் பார்த்தேன். அன்றிலிருந்து குறிப்பேட்டின் நிறத்தை மாற்றிவிட்டேன். ஆனாலும் அவர்கள் உட்காரச் சொன்னார்கள், சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) கொடுத்தார்கள், சொன்னார்கள். கவாத்து முடிந்து வெளிச்சம் விழுந்த இடத்தில் புல் தழைக்கும்போது கூட்டமாக வருவது, தனி ஆண் மட்டும் நெடுநேரம் அசையாமல் நிற்பது, புதிதாகப் போட்ட ஒரு கம்பி வேலியால் பழைய தடம் அடைபட்டு லைனுக்குள் நுழைந்தது என்று அவர்கள் சொன்னவற்றைத்தான் நான் பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட காலைகளில் போய்ச் சரிபார்த்தேன். என் ஆய்வேட்டின் நான்காம் இயல் அவர்களுடையது. வழிகாட்டியிடம் கேட்டு, அதை அந்த இயலின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.

ஒருவர் மட்டும் பேசவில்லை. 2020இல், கொரோனாவுக்காக ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் இறுதிவரை தவணைக்குத் தள்ளிவைப்பு அளித்திருந்த மாதங்களில், தள்ளிவைத்தால் வட்டி ஏறும் என்று சொல்லி அவரிடம் இரண்டு தவணைகளை நான் வாங்கினேன். வட்டி ஏறும் என்பது பொய்யன்று. அதை நான் சொன்ன விதம் வேறு. "அன்னிக்கு வாசல்ல நின்ன பொண்ணுதான நீ" என்று கேட்டுவிட்டு அவர் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கட்டாய வசூலைத் தடுக்கும் சட்ட முன்வரைவைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றிய செய்தியை, ஆய்வேட்டின் கடைசி இயலைத் திருத்திக்கொண்டிருந்தபோது படித்தேன். உடனே அவர் முகம்தான் வந்தது. பேசாமல் போன அம்மா, நீங்கள் எனக்கு உதவவில்லை, உதவ வேண்டியதும் இல்லை. இந்த மடலில் உங்களைச் சொல்லாமல் விட்டால் மற்றவர்களுக்குச் சொன்ன நன்றியும் பொய்யாகிவிடும்.

காட்டெருமை மூச்சைச் சீறினால் எந்தப் பக்கம் விலக வேண்டும், காற்று எந்தத் திசையில் அடிக்கும்போது கிட்டப் போகக் கூடாது என்றெல்லாம் சொல்லித்தந்து, முதல் பத்து நாட்கள் எனக்கு முன்னால் நடந்த வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருவருக்கு என் உயிரே கடன். அவர்களில் மூத்தவரான இருளர் ஐயா, நான் படித்த நூல்களில் படமாக மட்டும் பார்த்திருந்த சோலை மரங்களைத் தழையைக் கசக்கி முகரச் சொல்லியே அடையாளம் காட்டினார். அனுமதிக் கடிதங்களை அலையவிடாமல் கொடுத்த வனத்துறை அலுவலக ஊழியர்களுக்கும், மூடும் நேரம் கடந்தும் விளக்கை அணைக்காத நூலகருக்கும் நன்றி.

ஆய்வேட்டை ஒப்படைத்த பிறகு, எங்களைப் பற்றி என்னதான் எழுதினாய் என்று குழுத்தலைவி அக்கா கேட்டார். நான்காம் இயலை நாலு பக்கத் தமிழாகச் சுருக்கி, போன மாதம் இலை நிறுக்கும் கொட்டகையில், மாலை நிறுவை முடிந்ததும் படித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார்கள். ஐப்பசி மழையில் மந்தை விடியற்காலையில் வரும் என்று நான் எழுதியிருந்தது தவறு, அப்போது அது பகல் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்கும், நான் போய்ப் பார்த்ததெல்லாம் மார்கழிக்கு மேல் என்று மூன்று பேர் சேர்ந்து சொன்னார்கள். அந்த வரியை அங்கேயே அடித்துத் திருத்தினேன். திருத்திய படியைத் துறை நூலகத்தில் ஆய்வேட்டோடு சேர்த்து வைக்கப் பேராசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்னொரு படி கொட்டகையில் தராசுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

மிக்க நன்றியுடன்,
வனவிலங்கு உயிரியல் முதுநிலை மாணவி, 2023–2025
கோத்தகிரி