கயிறு தாராளமாக விடு

அன்பு மகளுக்கு,

நீ படகு வாங்கிவிட்டாய், அடுத்த மாதம் தனியாகவே கடலோர ஏரிகளில் சுற்றப் போகிறாய் என்று படித்ததிலிருந்து, இத்தனை வருடம் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

உனக்கு ஏழு வயதில் நாம் படகிலேயே ஓர் இரவு தங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? கண் விழித்தபோது நாணல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததென்று எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தாய். நாம் நங்கூரம் போட்ட இடம் அதுவல்ல. சாயங்காலம் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. மூன்று மீட்டர் ஆழம். பத்து மீட்டர் கயிறு போதும் என்று விட்டுவிட்டேன். நடுராத்திரி காற்று எழுந்து படகை இழுத்துக்கொண்டு போனது. நாணலில் மோதிய சத்தத்தில்தான் விழித்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். விடியும்வரை உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நங்கூரம் எடையால் மட்டும் நிற்பதில்லை. கயிறு தரையோடு படுத்து இழுத்தால் அது மண்ணுக்குள் இன்னும் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். அதனால் கணக்கை இப்படிப் போடு: தண்ணீரின் ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து படகின் முன்விளிம்பு வரை உள்ள உயரத்தையும் கூட்டு. அன்று மூன்றும் ஒன்றும் நான்கு. இரவு தங்க அதைப்போல் ஏழு மடங்கு, 28 மீட்டர் விட்டிருக்க வேண்டும். நங்கூரத்தை ஒட்டிச் சில மீட்டர் சங்கிலியும் இருக்கட்டும்.

பாசி மண்டிய இடத்தில் போடாதே. நங்கூரம் பாசியை வாரிக்கொள்ளும், தரையைத் தொடாது. போட்டதும் எஞ்சினை மெதுவாகப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பார். கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கம்பத்தையும் ஒரே கோட்டில் பார்த்து வைத்துக்கொள்; கோடு விலகிக்கொண்டே போனால் படகு நகர்கிறது. காற்று திசை மாறினால் படகு அந்தக் கயிற்றின் நீளத்துக்கு வட்டமடிக்கும், அதற்கும் இடம் வேண்டும். இருட்டியதும் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு. அப்புறம், நங்கூரக் கயிற்றை ஒருபோதும் பின்பக்கம் கட்டாதே. அங்கே விளிம்பு தாழ்வு, எஞ்சின் எடையும் அங்கேதான். ஓர் அலை ஏறினால் படகு நிரம்பிவிடும்.

ஏரிதானே என்று நினைத்துவிடாதே. ஆழம் குறைந்த அகன்ற நீரில் காற்று அடித்தால் அலை சீக்கிரமே எழும், குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக முட்டும். ஒரே பக்கமாகப் பல மணி நேரம் வீசினால் நீர்மட்டமே ஒரு கரையில் ஏறி மறுகரையில் இறங்கும்; காலையில் நீ மிதந்து வந்த வாய்க்காலில் மாலையில் தரை தட்டலாம். வரைபடம் பார், ஆனால் மணல்திட்டு இடம் மாறும். வாய்க்காலின் வழியைக் காட்டும் மிதவைகளை விட்டு விலகாதே. நீரின் நிறம் வெளுத்தால் வேகத்தைக் குறைத்து ஒரு கழியால் ஆழம் பார்.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம்தான் எனக்குப் பெரிய பயம். வற்றத்தில், அதாவது கடல்மட்டம் தாழும் நேரத்தில், ஏரி நீர் வேகமாகக் கடலுக்கு ஓடும். எதிரே வரும் கடலலை அதில் மோதி நிமிர்ந்து உடையும். அந்த நேரத்தில் போகவே வேண்டாம். ஓட்டம் தணியும்வரை காத்திரு. உயிர்காப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டே இரு. சந்தேகம் வந்தால் திரும்பிவிடு, யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

முதல் இரவு நங்கூரம் போட்டதும் எனக்கு ஒரு வரி அனுப்பு: எவ்வளவு ஆழம், எவ்வளவு கயிறு. அதைப் படித்துவிட்டுத் தூங்கப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா