கொலுசு கொஞ்சம் பெரிதாக வேண்டும்

ஸ்கார்பரோ, டொராண்டோ
பிப்ரவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? புது மாத்திரை கேட்கிறது என்று தம்பி சொன்னான். நம்பிக்கொள்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, அதற்குத்தான். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், "ஏட்டி, பிள்ளை வாயில என்னத்தையோ போட்டுட்டா, பாருட்டி, பாருட்டி" என்று அம்பாசமுத்திரத்துக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாய். நான் பதறி ஓடி, நாற்காலியில் கால் இடித்து, அவள் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தால் இட்லி. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நானே கையில் கொடுத்த இட்லி. கண் தெரியாத மகள் எப்படிப் பிள்ளை வளர்ப்பாள் என்று அதற்குள் நீ அழுதுவிட்டாய். "பெரியவனையாவது அனுப்பிரு, நான் வளத்துக்கிடுதேன்" என்றாய். அவர் பக்கத்தில் இருந்தார், நான் வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன்: அனுப்ப மாட்டேன். கோபப்படாமல் கடைசி வரைக்கும் படி. போனில் என் விரல் படுகிற எழுத்தை அது வாசித்துச் சொல்லச் சொல்ல, மூன்று ராத்திரியாக அடித்த கடிதம் இது. அவர் அச்செடுத்துத் தபாலில் போடுவார்.

பெரியவனின் முதல் பதினாலு மாசம் உன் வீட்டில்தான் கழிந்தது. நீ ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்தப் பதினாலு மாசத்தில் ஒரு நாள்கூட என்னை அவனைக் குளிப்பாட்ட விடவில்லை. முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, அவனைக் காலில் போட்டு நீ வெந்நீர் ஊற்றுவாய். நான் துண்டை வைத்துக்கொண்டு வாசற்படியில் காத்திருப்பேன். துவட்டி, பவுடர் போட்டு, ஏதோ பார்சல் வந்த மாதிரி என் மடியில் வைப்பாய்.

இங்கே வந்த நாலாம் நாள் அவர் ராத்திரி ஷிப்டுக்குப் போய்விட்டார். பிள்ளை வாந்தி எடுத்து உடம்பெல்லாம் நாற்றம். இங்கே முற்றமா இருக்கிறது? குளிக்கிற தொட்டி, பீங்கான் மாதிரி வழுக்கும். தண்ணீரை நிரப்பாமல், நானே தொட்டிக்குள் இறங்கி, உன்னை மாதிரியே காலை நீட்டி உட்கார்ந்து, அவனைக் காலில் போட்டேன். இடது கையை அவன் நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை. வலது கையால் மட்டும் மக்கில் மொண்டு ஊற்றினேன். சோப்பு எங்கேயோ வழுக்கிப் போனது. அவனும் அழுதான், நானும் அழுதேன். அப்போதுதான் அவன் வலது தொடையின் பின்பக்கம் மிளகு மாதிரி மேடாக ஒன்று விரலில் தட்டுப்பட்டது. கொப்புளமோ என்று பயந்துவிட்டேன். காலையில் அவர் பார்த்து, மச்சம், பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்றார். பதினாலு மாசம் அம்மா! ஒரு வார்த்தை நீ சொன்னதில்லை. உன் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டென்றால் அந்த மச்சம்தான்.

சமையலும் அதே கதைதான். 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளியில் என்னைக் கொண்டு விட்டீர்கள். அந்த ஹாஸ்டலில் துணி துவைத்தேன், பாத்திரம் துலக்கினேன், சின்னப் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிட்டேன். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் கரண்டியைத் தொட விட மாட்டாய். "நீ உக்காரு, கையைச் சுட்டுக்கிடாத." இங்கே வந்து சுட்டுக்கொண்டேன், இரண்டு தடவை. பிறகு கற்றுக்கொண்டேன். இந்த ஊர் அடுப்பு மின்சார அடுப்பு. மேலே வழவழவென்று கண்ணாடி, தீயின் சத்தமும் கிடையாது, எரிகிறதா அணைந்ததா என்று காதுக்குத் தெரியாது. அதனால் திருகுகிற குமிழைச் சுற்றி, சின்னது, நடுத்தரம், பெரிசு என்று மூன்று இடத்தில் ரப்பர்ப் பொட்டு ஒட்டியிருக்கிறோம். அடுப்புக்குப் பொட்டு வைத்தாச்சு, இனிப் பூ மட்டும்தான் பாக்கி என்பார் அவர். எண்ணெயில் கடுகு ஒன்றைப் போட்டுக் காத்திருப்பேன். வெடித்தால் மீதியைப் போடுவேன். நீயும் அப்படித்தானே செய்கிறாய்?

சின்னவளின் காய்ச்சல் மருந்தைப் பற்றிக் கேட்டாய். கரண்டியில் ஊற்றுவதில்லை. மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்சு தருவார்கள். 5 மில்லி அளவுக்கு அதன் தண்டை இழுத்து, அந்த இடத்தில் பிளேடால் ஒரு வெட்டுப் போட்டுத் தந்திருக்கிறார் அவர். வெட்டு நகத்தில் தட்டுகிற வரை இழுத்தால் சரியான அளவு. தெர்மாமீட்டர் பேசும். நகம் வெட்டுவது மட்டும் எனக்கு ஆகாத வேலை. தூங்கும்போது அரத்தால் ராவிவிடுவேன்.

குளிர்தான் படுத்துகிறது. குளிரைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், பனி விழுந்து கிடக்கிறதே, அதைத்தான் முடியவில்லை. கண் தெரிகிறவர்களுக்கு மூடுபனி எப்படியோ அப்படி எங்களுக்குத் தரையில் கிடக்கிற பனி. நடைபாதை எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று கோலுக்குத் தெரியாது. கார் சத்தம், சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தம் எல்லாவற்றையும் பஞ்சு மாதிரிக் குடித்துவிடும். மழை வந்தால் கார் இருக்கும் இடம், குப்பைத்தொட்டி இருக்கும் இடம் எல்லாம் தனித்தனியாகச் சத்தம் போட்டு எனக்கு வழி சொல்லும். பனி வாயே திறக்காது.

மற்ற நாளில் சின்னவளை வண்டியில் வைத்துப் போவேன். முன்னால் தள்ளினால் வண்டிதான் முதலில் பள்ளத்தில் இறங்கும். அதனால் வலது கையில் கோல், இடது கையால் வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவேன். பனிக்காலத்தில் அதுவும் நடக்காது, உப்பு மூட்டைதான். முதுகில் அவள், பக்கத்தில் பெரியவன். இரண்டு பேருக்கும் கால்சட்டைக்கு மேல் கால்சட்டை, பூட்ஸ், தொப்பி, கையுறை. கையுறை இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டி, கோட்டின் கைகளுக்குள் விட்டுத் தைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் தினம் ஒன்று காணாமல் போகும். எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் அவனுக்கு ஒன்றுக்கு வரும்.

பள்ளிக்கூடம் இரண்டு சிக்னல் தள்ளி. கம்பத்தில் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். வடக்கு தெற்காகக் கடக்கலாம் என்றால் குயில் மாதிரி கூவும், கிழக்கு மேற்கு என்றால் வேறு ஒரு மெட்டு. இந்தக் குளிரில் சிக்னல் கம்பத்தில் மட்டும் ஒரு குயில்! பெரியவன் பதிலுக்குக் கூவிக்கொண்டேதான் கடப்பான். பஸ்ஸிலும் ஒவ்வொரு நிறுத்தத்தையும் குரல் சொல்கிறது. அது சும்மா வந்ததில்லையாம். டேவிட் லெப்போஃப்ஸ்கி என்று பார்வையில்லாத ஒரு வக்கீல், போக்குவரத்துக் கழகத்தின் மேல் வழக்குப் போட்டு, 2005இல் சுரங்க ரயிலுக்கும், 2007இல் பஸ்ஸுக்கும் டிராமுக்கும் ஜெயித்து வாங்கியது. நம்மூரில் "பாப்பாக்குடி வந்தாச்சா அண்ணாச்சி" என்று நாலு பேரிடம் கேட்டு, நாலு பேரும் நாலு பதில் சொல்ல, தவறிப்போய் இறங்கியதெல்லாம் ஞாபகம் வரும்.

அடுத்த வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருக்கிறார். வந்த புதிதில் "வடிவாச் சாப்பிடுங்கோ" என்றபோது, நான் அழகாகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று வெட்கப்பட்டேன். அவர்கள் பேச்சில் அது "நன்றாக" என்று அர்த்தமாம். எனக்கு டாக்டரிடம் போக வேண்டியிருந்தால், "பிள்ளையளை நான் பாக்கிறன், நீங்கள் ஆறுதலாப் போட்டு வாங்கோ" என்பார். ஒரு நாள்கூட "ஐயோ பாவம்" அவர் வாயில் வந்ததில்லை.

எல்லோரும் அப்படி இல்லை. சின்னவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என்னைத் தாண்டி அவரிடம் கேட்டாள், வீட்டில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று. அவர், "அவளிடமே கேளுங்கள்" என்றார். இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் 2010இல் நடந்தது எனக்குத் தெரியும். பார்வையில்லாத ஒரு தம்பதியிடமிருந்து, பிறந்து இரண்டே நாளான பெண் குழந்தையை எடுத்துப் போய்விட்டார்கள். திரும்பக் கிடைக்க 57 நாள் ஆனது. அது வேறு நாடு என்று அவர் சொன்னார். தெரியும். ஆனாலும் விடியும் வரை தொட்டிலுக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா, நீ "உன்னால முடியாது, அனுப்பிரு" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த நர்ஸின் குரல்தான் கேட்கிறது. நீ அன்பில் சொல்கிறாய் என்று தெரிந்தும்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஐப்பசி மாசம் வாக்கில் ஒரு நாள் பூங்காவில் பெரியவன் காணாமல் போனான். அவன் ஷூவில் சலங்கை தைத்திருந்தேன் அல்லவா, "நான் என்ன பொண்ணா" என்று அதைப் பிய்த்துவிட்டான். சறுக்குமரத்துப் பக்கம் இருந்தவன் கூப்பிட்டால் பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். சுற்றிலும் பிள்ளைகள் சத்தம், ஒன்றும் அவன் குரல் இல்லை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு நேர் எதிரேதான் நிற்கிறான்" என்றாள். எதிரே, நாலு அடியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

நான் அடிக்கவில்லை. வீடு வரை பேசவும் இல்லை. ராத்திரி படுக்கும்போது அவனே கேட்டான்: "அம்மா, நான் சத்தம் போடலன்னா நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியாதா?"

அதுவரைக்கும் அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் சொல்லி வந்தேன். பிஸ்கட் டப்பா திறக்கிற சத்தம், சுவரில் கிரேயான் உரசுகிற சத்தம், எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவேன் இல்லையா, அவனும் நம்பியிருந்தான். அன்று "தெரியாதுடா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "சரி, நீ கூப்பிட்டா நான் சொல்றேன். நான் கூப்பிட்டா நீயும் சொல்லணும்" என்றான். இப்போது வீட்டில் நாள் முழுக்க இதுதான். நான் கழிப்பறையில் இருந்தாலும் கூப்பிடுகிறான், பதில் சொல்லியாக வேண்டும்.

அவனிடம் நீ போனில் "அம்மாவைப் பத்திரமாப் பாத்துக்கோடா ராசா" என்று சொல்வதை மட்டும் நிறுத்து. ஐந்து வயசுப் பையன். தெருவில் போகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பள்ளிக்கூடக் கடிதத்தை அவன் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டியதில்லை, போன் வாசிக்கும். ரோட்டில் என் கையைப் பிடிப்பது அவன் ஓடாமல் இருக்க, நான் விழாமல் இருக்க இல்லை.

சின்னவள் பேச ஆரம்பித்துவிட்டாள். முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அம்மா" இல்லை, "இந்தா". எதைக் காட்டுவதானாலும் என் கையைத் தேடி உள்ளங்கையில் வைத்து "இந்தா" என்கிறாள். அவரிடம் போனால் விரலை நீட்டிக் காட்டுகிறாள். என்னிடம் வந்தால் மட்டும் "இந்தா". யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நேற்று ஈரச் சாக்ஸ், பாதி தின்ற வாழைப்பழம், பெரியவனின் ஒரு பல் துலக்கி, எல்லாம் வரிசையாக வந்தது.

இதோடு பெரியவன் வரைந்த படம் வைத்திருக்கிறேன். துண்டை மடித்து அதன்மேல் தாளை வைத்து, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி வரைந்தால் பின்பக்கம் கோடு மேடாக வரும். எனக்குக் காட்டுவதற்காக அவனே கண்டுபிடித்தது. தாளைத் திருப்பித் தடவு. இரண்டு பெரிய வட்டம் உன் கண்ணாடி. கீழே இருப்பது வாய், திறந்திருக்கிறது. "ஆச்சி கத்துறாங்க" என்றான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக.

சித்தப்பா மகன் சித்திரையில் வருகிறான் அல்லவா, அவனிடம் இடிசாம்பார்ப் பொடி கொடுத்துவிடு. அளவை எழுதி அனுப்பு, "ஒரு கைப்பிடி" என்று எழுதாதே, உன் கை எனக்கு எங்கே இருக்கிறது? சின்னவளின் கொலுசு இறுகிவிட்டது, கணுக்காலில் தடம் விழுகிறது. ஒரு சுற்றுப் பெரிதாக, மணி நிறைய வைத்ததாக வாங்கு. மெல்லிசாக, நாகரிகமாக வேண்டாம். கடையில் டிசைனைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. காதுப் பக்கம் வைத்து ஆட்டிப் பார், அடுத்த அறை வரைக்கும் கேட்கிறதா என்று தம்பியை வாசலில் நிற்க வைத்துக் கேள். அப்புறம் விலை பேசு.

இப்படிக்கு,
உன் மகள்