கறி வாங்கும் காசு ஆடு வளர்த்தவரைச் சேரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டிறைச்சி கிலோ 800 ரூபாயைத் தாண்டிய பிறகு, வாரம் அரைக் கிலோ எடுத்துவந்த பல குடும்பங்கள் கால் கிலோவுக்கு வந்துவிட்டன. அதற்கும் வழியில்லாதவர்கள் பிராய்லர் கோழிக்கு மாறிவிட்டார்கள். விலை இவ்வளவு ஏறியிருப்பதால் ஆடு வளர்ப்பவர்கள் செழித்திருப்பார்கள் என்று நகரவாசிகள் எண்ணக்கூடும். எங்கள் கரிசல் வட்டாரத்தில் அப்படி நடக்கவில்லை என்பதையும், கையிருப்பைப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பங்களே இதை ஓரளவு மாற்ற முடியும் என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பகுதிகளில் மானாவாரி வெள்ளாமை பொய்த்த ஆண்டுகளில் வீடுகளைத் தாங்குவது கன்னி, கொடி ஆகிய நாட்டு வெள்ளாட்டு இனங்களும் வேம்பூர்ச் செம்மறி இனமும்தான். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன; இவற்றை வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்களும் சிறு, குறு விவசாயிகளுமே. நல்ல விலை வரும்வரை ஆட்டைக் கட்டிவைத்திருக்க அவர்களுக்கு இயலாது. பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ வந்து நிற்கும்போதுதான் கிடாவைச் சந்தைக்குப் பிடித்து வருகிறார்கள். அது புரட்டாசி மாதமாக இருந்துவிட்டால், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

சனிக்கிழமைதோறும் எட்டயபுரத்தில் கூடும் ஆட்டுச்சந்தை தென்மாவட்டங்களில் பெயர்பெற்றது. அங்கும், இன்னும் பல ஊர்ச் சந்தைகளிலும், பெரும்பாலும் கண்மதிப்பாகவே விலை பேசப்படுகிறது. வியாபாரி ஆட்டின் முதுகையும் தொடையையும் பிடித்துப் பார்த்து, இத்தனை கிலோ கறி விழும் என்று மனத்துக்குள் கணக்கிட்டு விலை சொல்கிறார். நாள்தோறும் இதையே செய்பவருக்கு அந்தக் கணக்கு அவ்வளவாகப் பிசகுவதில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று உருப்படி விற்கும் ஒரு பெண்ணுக்கோ தன் ஆட்டின் எடை என்னவென்றே தெரியாது. கறிக்கடையில் கிராம் கணக்கில் நிறுத்து விற்கப்படும் ஒரு பொருள், அதை வளர்த்தவர் கையை விட்டு நிறுக்கப்படாமலே போகிறது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பங்குக் கறி போடும் வழக்கம் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் இருக்கிறது. சில வீட்டார் சேர்ந்து உள்ளூரிலேயே ஒரு கிடாவை விலைபேசி, வெட்டி, கூறு வைத்து எடுத்துக்கொள்வார்கள். இதைப் பண்டிகையோடு நிறுத்தாமல், மாதம் ஒருமுறை செய்யலாம் என்பதே என் வேண்டுகோள். 20 கிலோ உயிர் எடையுள்ள கிடாவில், தலை, கால், தோல், குடல் நீங்கலாக, எலும்போடு 9 முதல் 10 கிலோ கறி கிடைக்கும். 20 வீடுகள் சேர்ந்தால் வீட்டுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. ஆட்டை நிறுத்து, உயிர் எடைக்கு இவ்வளவு என்று வளர்த்தவரிடமே பேசி வாங்கினால், சந்தையில் கிடைப்பதைவிட அவருக்குக் கூடுதலாகக் கொடுத்து, வெட்டுபவருக்கு முறையான கூலியும் கொடுத்த பிறகும், கடைவிலையைவிடக் குறைவாகவே முடிகிறது. எங்கள் தெருவில் நாங்கள் கண்டது இது.

தலைக்கறி, குடல், ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), ரத்தம் எதையும் ஒதுக்காமல் முறை வைத்து எடுத்துக்கொண்டால் செலவு இன்னும் குறையும். மொச்சை போட்ட குடல் குழம்பும், முருங்கைக்காய் சேர்த்த நெஞ்செலும்புக் குழம்பும் நம் வீடுகளுக்குப் புதியவை அல்ல. குடலைச் சுத்தம் செய்யும் வேலை பெண்கள் தலையிலேயே விழுவதை மட்டும் மாற்ற வேண்டும்; அதைப் பங்கு போடும் இடத்திலேயே ஆண்கள் செய்து முடிக்கட்டும்.

பிராய்லர் வாங்கினாலும் அது உள்ளூர்ப் பண்ணையாளருக்குத்தானே போகிறது என்று சிலர் கேட்கலாம். ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையவை. கொட்டகை போட்டு வளர்ப்பவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்ற வளர்ப்புக் கூலி மட்டுமே. அந்தக் கூலியை உயர்த்தக் கோரிக் கொங்கு மண்டலப் பண்ணையாளர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். கடையில் நாம் கொடுக்கும் விலை ஏறினாலும் அவர் கூலி அதோடு ஏறுவதில்லை.

அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் காய்கறி விவசாயிக்குத் தராசும் விலைப்பலகையும் தரப்பட்டன. 2011 முதல் ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் விலையின்றி வழங்கியதும் அரசுதான். அந்த ஆடுகளின் குட்டிகள் விற்பனைக்கு வரும் சந்தைகளில், முத்திரையிட்ட எடைமேடை ஒன்றும், அன்றைய உயிர் எடை விலையை எழுதும் பலகை ஒன்றும் வைப்பது பெருஞ்செலவு அல்ல. நகராட்சிப் பகுதிகளில் உரிமம் பெற்ற வதைக்கூடத்துக்கு வெளியே ஆடு வெட்டுவதை ஒன்றிய அரசின் 2001ஆம் ஆண்டு வதைக்கூட விதிகள் தடுக்கின்றன. சுகாதாரத்தைக் கருதினால் அது சரியே. ஆகவே, பங்கு சேர்ந்து ஆடு வாங்கும் குடியிருப்போரும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் சிறு கட்டணம் செலுத்தி, கால்நடை மருத்துவரின் பரிசோதனையோடு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கூடங்களைப் பயன்படுத்த உள்ளாட்சி அமைப்புகள் வழிசெய்ய வேண்டும். சந்தைகளில் கூட்டம் பெருகும் தீபாவளிக்கு முன்பாக எடைமேடைகளையாவது அமைத்துத் தருமாறு கால்நடைப் பராமரிப்புத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோவில்பட்டி.