நீர்மட்டத்தை மட்டும் போட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேட்டூர் அணை 100 அடியைத் தொட்டதும் பெரிய எழுத்தில் செய்தி வருகிறது. அதைப் பார்த்துத்தான் காவிரி டெல்டாவில் பலர் குறுவை என்னும் குறுகிய கால நெல்லுக்கு விதை ஊற வைக்கிறார்கள். அடியை மட்டும் நம்பினால் கணக்குத் தப்பும்.

அணையின் உட்புறம் கீழே குறுகி, மேலே போகப் போக விரியும். முழு மட்டமான 120 அடியில் இருப்பு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி); 100 அடியில் சுமார் 65. பாதி உயரமான 60 அடியில் பாதித் தண்ணீர் இருக்காது, ஏறத்தாழ 25 டி.எம்.சி.தான். உச்சியில் ஓர் அடி இறங்கினால் ஒன்றரை டி.எம்.சி.க்கு மேல் போகும்; 60 அடியில் அதே ஓர் அடிக்கு அதில் பாதிகூடத் தேறாது.

உழவருக்கு இருப்பு என்றால் எத்தனை நாள் தண்ணீர் என்பதுதான். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் 1 டி.எம்.சி. காலியாகும். வரத்தே இல்லாமல் 12,000 கன அடி திறந்தால், 100 அடித் தண்ணீர் இரண்டு மாதம் வரும். அதுவும் அணையைத் துடைத்து எடுத்தால்தான். குதிரில் நெல் இருந்தாலும் விதைநெல்லை ஒதுக்கிவிட்டுத்தானே மிச்சத்தை எண்ணுகிறோம்? அணையிலும் குடிநீருக்கு ஒதுக்க வேண்டும். வெயில் உறிஞ்சுவதும் வழியில் ஆற்று மணல் குடிப்பதும் தனி.

ஆடுதுறை 43 போன்ற குறுவை ரகத்துக்கு வயது 110 நாள். ஜூன் 12-ல் திறந்த தண்ணீர் ஆகஸ்ட் நடுவில் தீர்ந்தால், பயிர் சூல் கட்டும் நேரத்தில் வாய்க்கால் வறளும். அந்தக் கட்டத்தில் காய்ந்தால் கதிர் பதராகும். எனவே மிச்ச நாளுக்கு, கர்நாடகத்திலிருந்து வரும் காவிரியை அளக்கும் எல்லை இடமான பிலிகுண்டுலுவின் வரத்துதான் கதி.

போர் (ஆழ்துளைக் கிணறு) உள்ளவர்கள் சமாளிப்பார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் காவிரி நீரில் தமிழகத்தின் பங்கைக் குறைத்தபோது டெல்டாவின் நிலத்தடி நீர் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்தது. ஆனால் வாய்க்கால் முடியும் கடலோரக் கடைமடையில் போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. அந்த இருப்பு எங்களுக்கு இருப்பே இல்லை.

ஆகவே தலைப்பிலேயே மட்டத்தோடு இருப்பு, வரத்து, திறப்பு மூன்றையும் போடுங்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என எதில் எவ்வளவு போகிறது என்பதையும் நாள்தோறும் தனித்தனியே தாருங்கள். வெண்ணாற்றுப் பக்கம் வயல் வைத்திருப்பவர் மொத்த அளவை வைத்து என்ன செய்வார்?

கடைமடை விவசாயிகள்,
திருத்துறைப்பூண்டி வட்டம்