காற்று நிற்கும் மாதங்களையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சூரிய மின்சாரமும் காற்றாலையும் இவ்வளவு மலிந்துவிட்ட பிறகு அணுமின் நிலையம் எதற்கு என்று கேட்டுத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதில் போட்டுக் காட்டியிருப்பது ஆண்டுக் கணக்கு. மின்தொகுப்பை (கிரிட்) நடத்துகிறவர்களோ பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கணக்குப் போடுகிறார்கள். ஆடி மாதம் மிஞ்சிய யூனிட்டைக் காட்டிப் பங்குனி மாதத்து மின்விசிறியைச் சுழலவைக்க முடியாது.

வள்ளியூர்ப் பக்கம் இருக்கும் எங்களுக்கு இதைப் புள்ளிவிவரம் வைத்து விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலும், மறுபக்கம் கூடங்குளம் அணுமின் நிலையம். வைகாசியில் எழும் காற்று புரட்டாசி வரை விடாது. ஆனி, ஆடியில் நாற்கரச் சாலையில் ஸ்கூட்டரை நேராக ஓட்டிவிட்டால் அதுவே சாமர்த்தியம். அதே காற்றாலைகள் மாசி முதல் சித்திரை வரை இறக்கையை விரித்தபடி நாள்கணக்கில் சும்மா நிற்கும். வெயில் ஏற ஏற மின்தேவை உச்சத்துக்குப் போவதும் அப்போதுதான். 2024 மே 2 அன்று தமிழகத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட். அப்போது மாநிலத்தில் நிறுவப்பட்டிருந்த காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். நிறுவிய திறன் வேறு, கைக்கு வந்து சேரும் மின்சாரம் வேறு என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். 2012-இல் காற்று வீசினால் மின்வெட்டு குறையும், நின்றால் கூடும். வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டு இட்லிக்கு அரிசி ஊறவைத்த காலம் அது.

சூரியன் பகல் நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது, சரி. இரவு முழுவதும், காற்றில்லாத மாதங்களில், எந்நேரமும் குறையாமல் தேவைப்படும் அடிப்படைச் சுமையைத் தாங்குவது யார்? இன்றைக்குப் பெரும்பாலும் நிலக்கரிதான். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2014-இல் தந்த மதிப்பீட்டின்படி, சுரங்கம், கட்டுமானம் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி வெளியிடும் கரியமில வாயு சுமார் 820 கிராம். அணுவுக்கு 12, காற்றாலைக்கு 11. ஆகவே போட்டி அணு உலைக்கும் காற்றாலைக்கும் இடையில் இல்லை. கூடங்குளத்தில் ஓடும் இரண்டு 1,000 மெகாவாட் உலைகளில் பாதிக்கும் மேல் தமிழகத்தின் பங்கு. அதை எடுத்துவிட்டால் பங்குனி இரவில் அந்த இடத்துக்கு வரப்போவது தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் எரியும் கரி. ஜெர்மனியில் காற்றும் சூரியனும் நன்றாகவே வளர்ந்திருக்கின்றன, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அனல்மின் நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடைசி மூன்று அணு உலைகளை 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்தினார்கள். முதலில் மூட வேண்டியதைக் கடைசிக்கு வைத்துவிட்டார்கள்.

இவ்வளவு சொல்வதால் என்னை அணுசக்திக் கட்சியில் சேர்த்துவிட வேண்டாம். அந்தக் கட்சிக்காரர்கள் சொல்வதிலும் பாதியை மறைக்கிறார்கள். நம் உலைகள் ஒரே சீராக ஓடும்படி நடத்தப்படுகின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் ஏறும் சுமைக்கு ஏற்ப ஏறி இறங்குவதில்லை. ஓர் உலை திடீரென நின்றால் 1,000 மெகாவாட் ஒரே நொடியில் போய்விடும். எரிபொருள் மாற்ற நிறுத்தினால் வாரக்கணக்கில் அந்தப் பங்கு கிடையாது. காலதாமதமோ கேட்கவே வேண்டாம். கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் 1988-இல். முதல் உலையின் மின்சாரம் தொகுப்புக்கு வந்தது 2013-இல். கல்பாக்கத்தில், ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் 500 மெகாவாட் வேக ஈனுலைக்கு 2004-இல் வேலை தொடங்கினார்கள். உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி தொடங்கியதே 2024 மார்ச்சில். 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் என்று மத்திய அரசு 2025 பட்ஜெட்டில் இலக்கு வைத்தபோது நாடு முழுவதும் இருந்தது 9,000 மெகாவாட்டுக்கும் குறைவு.

அதனால்தான் இரு தரப்பும் பேசாத ஒன்றை நான் பெரிதாக நினைக்கிறேன்: நீரேற்று மின்நிலையம். ஆழியாறு மலைமேல் 400 மெகாவாட் கடம்பாறை நிலையம் 1980-களிலிருந்தே இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையின் நீரை மேலே ஏற்றி, தட்டுப்பாடான நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றுவதற்கு நடுப்பகல் சூரியனும் உதவும், நள்ளிரவில் தேவை படுத்தபின் ஓடிக்கொண்டிருக்கும் அணு உலையும் உதவும். நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட். அதை இவ்வளவு ஆண்டுகள் இழுத்ததற்கு ஒரு பெரிய விவாதம் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. உலை வேண்டும், வேண்டாம் என்ற சண்டையில்தான் எல்லாருக்கும் ருசி.

கூடங்குளத்தில் கட்டிக்கொண்டிருக்கும் 3 முதல் 6 வரையிலான உலைகளை முடிக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் செலவழிந்த எரிபொருளுக்கு, அதாவது உலையில் பயன்படுத்தி முடித்தும் கதிர்வீச்சு நீங்காத எரிபொருளுக்கு, பதில் சொல்லாமல் முடிக்கக் கூடாது. 1988 ஒப்பந்தப்படி அதை அன்றைய சோவியத் யூனியனே திரும்ப எடுத்துக்கொள்வதாக இருந்தது. ரஷ்யாவுடன் போட்ட 1998 துணை ஒப்பந்தத்தில் அது நம் தலையில் விழுந்தது. உலைக்கு வெளியே தனிச் சேமிப்பு வளாகத்தை ஐந்தாண்டுக்குள் அமைக்கும்படி 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு அவகாசம் 2022 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த வளாகமே இங்கு வேண்டாம், ரஷ்யாவுக்கே அனுப்புங்கள் என்று முதல்வர் ஸ்டாலின் 2022-இல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எத்தனை ஆண்டு இங்கே இருக்கும், பிறகு எந்த ஊருக்குப் போகும் என்று கூடங்குளத்தை அடுத்த மீனவ ஊரான இடிந்தகரையில் வலை பின்னுகிறவருக்குப் புரியும்படி சொன்னவர் யார்? அணு உலைக்கு எதிராகப் போராடிய காலத்தில் அந்த மக்களில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகம் வரை வழக்குப் போட்டோமே தவிர, உட்காரவைத்துப் பேசியது குறைவு.

கதிர்வீச்சை அளக்கிறார்கள், அறிக்கையும் வருகிறது. அந்த அளவுகளைச் சுற்றுவட்டார ஊராட்சி அலுவலகங்களின் வாசலில் தமிழில் எழுதிப்போட வேண்டும், பாதுகாப்பு வரம்பு எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். 7, 8-ஆம் உலைகளைப் பற்றி யாராவது பேச வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம், பெயின்ட் செலவுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வள்ளியூர், திருநெல்வேலி மாவட்டம்.